குடியேறினோரும் காவற்றுறையின் மொழியும்

புகார் நகரினின்று பொருள் தேடி மதுரை புகுந்த கோவலன், கள்வன் என்னும் பழி சுமத்தப்பெற்று, முறையாக வினவப்படாமலே வெட்டுண்டு வீழ்ந்தான். அவன் மனைவியாகிய கண்ணகி அரசன் வாயிலை அடைந்து, வாயிற்காவலன் வழியாகத் தன் வரவை அறிவித்து, அவை புகுந்து வழக்குரைத்துத் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பதை மெய்ப்பித்தாள். சிலப்பதிகாரம் பயின்ற மாணவர் பலரும் இவ்விடத்தில் கண்ணகியின் உறுதியையும் பாண்டியனின் நடுவுநிலையையும் வியப்பர். யாம் ஈண்டு வேறொன்றை நோக்குமாறு வேண்டுகின்றோம். சோழநாட்டுப் பெண்ணின் சொல் பாண்டிநாட்டு வாயிற்காவலனுக்கு விளங்கிற்று. அவன் அதனை அரசற்கு எடுத்துரைத்தான். அரசன் வினாவினான், அவள் விடையிறுத்தாள். அவள் பேசிய மொழி அவ்வூரில் ஒருவர்க்கும் தெரியாததொன்றாக இருந்திருப்பின் அவ்வழக்கு என்னாய் முடிந்திருக்கும்? கூந்தல் விரித்து நிற்கும் பித்தி ஒருத்தி என்றெண்ணி, வாயிலிலேயே அவளைத் துரத்தியிருப்பர் அன்றோ?

பழங்கதையில் நிகழாத அக்கேடு இந்நாளில் பல தேசங்களில் நிகழ்ந்துளது. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கின்படி, பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்வோர் தொகை 2024-ஆம் ஆண்டில் 30 கோடியைக் கடந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும், ஆங்கிலத்தை நன்கு பேசமாட்டாதார் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் உளர். இவர்கள் கடைக்கும் தொழிற்சாலைக்கும் செல்வதுபோல, என்றேனும் ஒருநாள் காவல் நிலையத்திற்கும் செல்ல நேரிடுகின்றது; அன்றிக் காவலர் இவர்தம் மனைக்கு வர நேரிடுகின்றது. அப்பொழுது நிகழ்வது யாது, நிகழவேண்டுவது யாது என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். யாம் கொண்ட முடிபை முன்னரே கூறிவிடுதும். மொழிபெயர்ப்பாளரை அழைத்துத் தருதல் காவற்றுறையார் காட்டும் தயவு அன்று. அதுவே விசாரணையின் முதற்படி. ‘உமக்கு எம்மொழி நன்கு விளங்கும்?’ என்னும் வினா, பெயரும் ஊரும் கேட்பதற்கு முன் கேட்கத்தக்கது.

காவற்றுறைக்கு இது சிறப்பாக வேண்டுமாறு

கடையிலே பண்டத்தைச் சுட்டிக்காட்டிக் காசை நீட்டினால் வாணிகம் முடிந்துவிடும். வைத்தியர் நோயாளியின் மொழி அறியாராயினும், காயத்தைக் கண்ணாற் காண்பார்; நாடியைக் கையாற் பிடித்தறிவார். காவல் நிலையத்திலோ பெரும்பாலான காரியம் சொல்லினாலேயே நடைபெறுகின்றது. பிராது என்பது சொல். சாட்சியம் என்பது சொல். வாக்குமூலம் என்பதும் சொல்லே. குற்றம் நிகழ்ந்ததைக் காவலர் நேரிற் கண்டிலர். கண்டோர் கூறக் கேட்டு எழுதுகின்றனர். அவ்வாறு எழுதிய ஏடே பின்னர் நீதிமன்றம் ஏறுகின்றது. முதல் நாள் எழுதியதற்கு மாறாகப் பின்னொரு நாள் ஒருவன் பேசுவானாயின், அவனைப் பொய்யன் என்று கொள்ளுதலே வக்கீல்களின் வழக்கம். ஆதலின் முதல் நாட் பிழை கடைநாள் வரையில் தொடரும்.

காவற்றுறையோடு தொடர்புறுவோரை மூவகையினராகப் பிரிக்கலாம். தீங்குற்று முறையிடுவோர் ஒருவகையினர். கண்டதைக் கூறவந்த சாட்சிகள் மற்றொருவகையினர். குற்றஞ்சாட்டப்பெற்றோர் மூன்றாம் வகையினர். மொழியின்மையால் முதல்வகையினர்க்குப் பாதுகாப்புக் கிட்டாது. மூன்றாம் வகையினர்க்கு உரிமையும், சிற்சில வேளைகளில் வாழ்நாளும் போகும். நடுவில் நின்ற சாட்சிகளின் மொழியின்மையால் இழப்பு எய்துவோர் யாவர்? ஊரார் அனைவருமே. கொலையைக் கண்ட ஒருவன் அதனைச் சொல்ல வழியறியாது வீடு திரும்புவானாயின், கொலைஞன் அவ்வூர்த் தெருக்களிலேயே உலவுவான். குடியேறினோர்க்கு மட்டும் உரியதொரு சலுகையைப்பற்றி யாம் பேசவில்லை என்பது இதனாற் புலனாகும்.

சொல் பிறழுமாறு

இருமொழிகளைச் சிறிதளவு அறிந்த எவரும் இப்பணிக்குப் போதும் என்று கருதுவோர் பலர். அது பிழை என்பதைக் காட்ட நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிகழ்ந்த கலவரத்தின் பின், தமிழர் பல்லாயிரவர் கனடா நாட்டிற் குடியேறினர். டொராண்டோ நகரும் அதன் சுற்றுப்புறமும் தமிழர் மிக்கு வாழும் இடமாயின. அங்கே தமிழன்றி வேறறியாத முதியவர் ஒருவரைக் காவலர் விசாரிப்பதாக வைத்துக்கொள்வோம். ‘அன்றிரவு நீர் அக்கடைக்குப் போகவில்லையா?’ என்பது வினா. போகாதிருந்த முதியவர், ‘ஆமாம், போகவில்லை’ என்று நம் வழக்கப்படி விடை கூறுவார். ஆங்கில வழக்கிலோ இவ்விடத்தில் மறுப்புச் சொல்லே விடையாக வருதல்வேண்டும். அரைகுறையாக மொழியறிந்தவன் ஒருவன் அம்முதற் சொல்லை மட்டும் ஆங்கிலமாக்கிக் கொடுப்பானாயின், போகாதவர் போனவராகிவிடுவார்!

இன்னும், பெரியோர் பேசுங்கால் நம்மவர் இடையிடையே ‘சரி, சரி’ என்பதும் ‘ம்’ என்பதும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம் என்பதற்கு அறிகுறிகளேயன்றி, ஒப்புக்கொண்டோம் என்பதற்கல்ல. தலையை இருபுறமும் மெல்ல அசைத்தல் நமக்கு இசைவைக் குறிக்கும். மேனாட்டார் கண்ணுக்கு அது மறுப்பாகத் தோன்றும். ‘கால்’ என்பது இடுப்பின் கீழ் விரல்நுனி வரையிலுள்ள உறுப்பு முழுவதற்கும் நம் பேச்சில் வழங்கும். ஆங்கிலத்தில் பாதத்திற்கு ஒரு சொல்லும் அதன் மேற்பகுதிக்கு வேறொரு சொல்லும் உண்டு. ‘காலில் அடித்தான்’ என்பதைத் தவறான சொல்லால் பெயர்த்தால், அது வைத்தியர் அறிக்கையோடு முரண்படும். மெய் கூறிய சாட்சி பொய்யனாவான். ‘மாமா’ என்பது தாயுடன் பிறந்தவரோ, மனைவியின் தந்தையோ, அத்தையின் கணவரோ என்று மீண்டும் வினவி அறியாத மொழிபெயர்ப்பாளர், குற்றமற்ற ஒருவர் மேல் ஐயத்தை ஏற்றிவிடுதலும் கூடும். இவையெல்லாம் பொய்யினாலேனும் பகைமையினாலேனும் விளைவன அல்ல. மொழிகளின் இயல்பினால் விளைவன. ஆதலின், நல்லெண்ணம் மட்டும் இவற்றைத் திருத்தாது, பயிற்சியே திருத்தும்.

மூன்று வழக்குகள்

கருத்தளவில் கூறியவற்றை நிகழ்ந்த வழக்குகளால் உறுதிசெய்வோம்.

முதலாவது, அமெரிக்காவில் நெக்ரோன் வழக்கு என வழங்குவது. போர்ட்டோ ரிக்கோத் தீவினின்று நியூயார்க் மாகாணத்திற் கூலிவேலைக்கு வந்த இளைஞர் ஒருவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. அவர் அறிந்தது ஸ்பானிய மொழி, ஆங்கிலம் அறியார். அவர்க்காக வாதாடிய வக்கீலோ ஸ்பானியம் அறியார். சாட்சிகளிற் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே பேசினர். அரசாங்கத் தரப்பினர் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர், இடைவேளைகளிற் சில நிமிஷ நேரம் சாட்சியத்தின் சுருக்கத்தை அவருக்குக் கூறினார்; அவ்வளவே. தம்மைப்பற்றித் தம் முன்னிலையிலேயே பேசப்பட்டவற்றுட் பெரும்பகுதி அவருக்கு வெற்றொலியாகவே இருந்தது. 1970-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவ்விசாரணை அரசியற் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உடல் மன்றத்தில் இருந்தும் உள்ளத்திற்கு ஒன்றும் எட்டாதிருப்பின், அவன் மன்றத்தில் இருந்தவன் ஆகான் என்பதே அதன் கருத்து. போர்ட்டோ ரிக்கோவிற் பிறந்தோர் அமெரிக்கப் பிரஜைகளே என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது. பிரஜைக்கே இந்நிலையாயின் அயல்நாட்டார் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது, இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் நிகழ்ந்தது. பாகிஸ்தானினின்று வந்து குடியேறிய பெண் ஒருத்தி, கணவனைக் கொன்றாள் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, 1981-ஆம் ஆண்டில் ஆயுட்சிறை விதிக்கப்பெற்றாள். அவளுக்கும் அவள் வக்கீல்களுக்கும் இடையே மொழிபெயர்த்தவர் இந்திய மொழிகள் சிலவற்றை அறிந்தவரே. ஆயினும் அவள் பேசிய பஞ்சாபி வட்டார வழக்கு அவர்க்குத் தெரியாது. அவள் பெரும்பாலும் மௌனமாயிருந்தாள். அம்மௌனத்திற்குக் காரணம் மொழி என்று எவரும் எண்ணிலர், துயரமென்றே எண்ணினர். திட்டமிட்ட கொலைக்கும் அத்திட்டமின்றி நேர்ந்த மரணத்திற்கும் சட்டம் வகுக்கும் வேற்றுமையை அறியாமலே அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். 1985-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விசாரணை செல்லாதென்று தள்ளிற்று. இதற்குள் நான்காண்டு கழிந்தன.

மூன்றாவது, அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்தில் நிகழ்ந்தது. மெக்ஸிக்கோ நாட்டினின்று வந்த தோட்டத் தொழிலாளராகிய இளைஞர் ஒருவர் 1986-ஆம் ஆண்டில் கொலைக்குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவ்விசாரணையில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மெக்ஸிக்கோவிற் பிறந்தவர் ஸ்பானியம் அறிந்திருப்பார் என்று கொள்ளப்பட்டது. உண்மையில் அவர் தாய்மொழி மிஷ்டெக் என்னும் பழங்குடி மொழி. ஸ்பானியர் அத்தேசத்திற் புகுமுன்பே வழங்கிய அம்மொழி, ஸ்பானியத்தோடு எவ்வுறவும் உடையதன்று. அவ்விளைஞர் 1991-ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார்.

இம்மூன்று வழக்குகளும் மூன்று பாடங்களைப் புகட்டுகின்றன. மொழிபெயர்ப்பு முழுமையாக இருத்தல்வேண்டும், சுருக்கம் ஆகாது என்பது முதற்பாடம். மொழியறிவு இருப்பதாகச் சொல்லப்படுவதை நம்பாமல் சோதித்தறிதல் வேண்டும் என்பது இரண்டாம் பாடம். பாஸ்போர்ட்டைக் கண்டு ஒருவன் மொழியை முடிவுகட்டல் ஆகாது, அவனையே கேட்டறிதல் வேண்டும் என்பது மூன்றாம் பாடம்.

சட்டம் வகுத்த வழிகள்

இப்பாடங்களை மேனாட்டுச் சட்டங்கள் மெல்லமெல்லவே கற்றன. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டின் காவற்றுறைச் சட்டமும் அதன்வழி எழுந்த விதித்தொகுதியும், ஆங்கிலம் அறியாதாரை மொழிபெயர்ப்பாளர் இன்றி விசாரித்தலை, மிக்க அவசரமான நிலைமைகளிலன்றித் தடுத்தன. மேற்கூறிய பர்மிங்ஹாம் வழக்கின் பின், பொதுச் சேவை மொழிபெயர்ப்பாளர்க்கெனத் தனிப் பயிற்சியும் பரீட்சையும் அந்நாட்டில் ஏற்பட்டன. 1994-ஆம் ஆண்டில் அவர்கட்கென ஒரு தேசியப் பதிவேடும் தொடங்கப்பட்டது.

கனடாவில் 1982-ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 14-ஆம் பிரிவு, மொழியறியாத கட்சிக்காரர்க்கும் சாட்சிக்கும் மொழிபெயர்ப்பாளரை உரிமையாக்கிற்று. வியட்நாமியர் ஒருவரைப்பற்றிய டிரான் வழக்கில், 1994-ஆம் ஆண்டில், அந்நாட்டு உச்சநீதிமன்றம் நல்ல மொழிபெயர்ப்பின் இலக்கணத்தை ஐந்தாக வகுத்தது. அவையாவன: இடையறாத் தொடர்ச்சி, பிறழாத திட்பம், நடுவுநிலை, தகுதி, பேச்சோடு உடனிகழ்தல் என்பன. நீதிமன்றத்திற்கென வகுத்த இவ்விலக்கணம் காவல் நிலையத்திற்கும் சாலப் பொருந்துவதே.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டளையொன்று, குற்றஞ்சாட்டப்பெற்றோர்க்குக் காவலர் விசாரணை தொடங்கியே மொழிபெயர்ப்பு உரிமையை அளித்து, வழக்கின் முடிவு எவ்வாறாயினும் அச்செலவை அரசே ஏற்றல்வேண்டும் என்றது. 2012-ஆம் ஆண்டின் வேறொரு கட்டளை தீங்குற்றோரையும் மறந்திலது. தாம் அறிந்த மொழியிற் பிராது கொடுக்கவோ, வேண்டிய மொழியுதவி பெறவோ அவர்கட்கு வழிசெய்தது.

அமெரிக்காவின் வரலாறு இவற்றினும் சிக்கலானது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசாங்கப் பொருளுதவி பெறும் எந்நிலையமும் பிறந்த தேசம் பற்றி எவரையும் ஒதுக்குதல் ஆகாது என்றது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாத சீனச் சிறுவர் ஏறத்தாழ 1,800 பேர் தனிப் போதனையின்றி விடப்பட்டதைப்பற்றி எழுந்த லௌ வழக்கில், 1974-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், மொழியுதவி மறுத்தலும் அவ்விலக்கை மீறுதலே என்னும் கருத்துப்படத் தீர்ப்புக் கூறிற்று. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதம் ஜனாதிபதி கிளிண்டன் பிறப்பித்த 13166-ஆம் ஆணையும், 2002-ஆம் ஆண்டில் நீதி இலாகா விடுத்த விளக்கமும் அதனைக் காவற்றுறைக்கும் விரித்தன. அயன்மொழியாளர் எத்துணையர், அவர் எவ்வளவு அடிக்கடி வருகின்றனர், அச்சேவை உயிர்வாழ்க்கைக்கு எத்துணை இன்றியமையாதது, கையிலுள்ள பொருள் எவ்வளவு என்னும் நான்கையும் சீர்தூக்கி, ஒவ்வொரு நிலையமும் தன் கடமையை அறுதியிடல் வேண்டும் என்பது அவ்விளக்கம்.

இவ்வாணை 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த ஆணையால் ரத்தாயிற்று. ஆங்கிலமே அந்நாட்டின் அரசாங்க மொழி என்றும் அப்புதிய ஆணை சாற்றிற்று. மொழியுதவியை நிறுத்திவிடுக என்று அது கூறவில்லை. மத்திய அரசாங்கத்தின் ஒவ்வொரு துறைத்தலைவரும் தக்கவாறு முடிவுசெய்க என்று விட்டுவிட்டது. இவ்விடத்தை மாணவர் ஊன்றி நோக்குக. 1964-ஆம் ஆண்டின் சட்டம் அழிக்கப்படவில்லை. நியூயார்க் போன்ற நகரங்களின் தனிச்சட்டங்களும் உள. அந்நகரின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து மொழிகளைக் குறித்து, நகரத் துறைகள் அம்மொழிகளில் முதன்மையான ஏடுகளை வெளியிடப் பணித்தது. வங்காளியும் உருதுவும் அப்பத்தனுள் அடங்கும். ஆயினும், நாடு முழுவதற்கும் ஒருவாறு உரிமையாக நின்றதொன்று மேலோர் விருப்பத்திற்கு விடப்பட்டபோது, அதன் இயல்பு மாறிவிட்டது. உரிமையைக் கேட்டுப் பெறலாம். தயவை வேண்டியே பெறுதல்வேண்டும். வேண்டுதற்கும் மொழி வேண்டுமே!

காவல் நிலையத்தில் நடைபெறுமாறு

சட்டம் உளதாயினும், நள்ளிரவில் கதவைத் தட்டும் காவலர் மொழிபெயர்ப்பாளரை எங்ஙனம் பெறுவார் என்பது நியாயமான வினாவே. கலிபோர்னியா மாகாணத்து ஸான் ஹோஸே நகரில், வியட்நாமினின்று வந்து குடியேறிய அகதிகளோடு பேச வழியின்றித் திகைத்த போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர், 1982-ஆம் ஆண்டில் மற்றொருவருடன் கூடித் தொலைபேசி வாயிலாக மொழிபெயர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அம்முறை பின்னர் எங்கும் பரவிற்று. அவசர உதவி வேண்டி ஒருவர் அழைத்தவுடன், அழைப்பை ஏற்றவர் மொழி இன்னதென்று அறிந்து, அம்மொழி வல்லாரை மூன்றாமவராக அத்தொடர்பிற் சேர்த்துக்கொள்வார். தெருவில் நிற்கும் காவலரும் தம் கைத்தொலைபேசியால் அவ்வாறே செய்யலாம். மொழியின் பெயரையும் அறியாதவிடத்து, ‘நான் இன்ன மொழி பேசுவேன்’ என்னும் வாக்கியம் பல மொழிகளில் அச்சிட்ட அட்டையை நீட்டினால், எதிரிலுள்ளவர் தம் மொழியைச் சுட்டிக்காட்டுவார். எழுத்தறியாதார்க்கு அவ்வட்டை உதவாது. அவர்க்குச் செவியால் அறியும் வழியே வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய ஒழுக்கம் யாது? பேசுவோர் ‘நான்’ என்றால் தாமும் ‘நான்’ என்றே பெயர்த்தல், வசைமொழியையும் மறையாமற் கூறல், கூட்டாமை, குறையாமை, அறிவுரை பகராமை, விளங்காததை மீண்டும் வினவுதல், கேட்டதை வெளியிடாமை என்பன. சென்னையிலும் புதுச்சேரியிலும் ஐரோப்பியர் வாணிகம் செய்த காலத்தில் துபாஷிகள் இருந்தனர். இருமொழியாளர் என்பதே அப்பெயரின் பொருள். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயின்றோர், இருமொழி வல்லார் ஒருவர்க்கு எத்துணைச் செல்வாக்கு இருந்தது என்பதை அறிவர். துபாஷி தம் தலைவரின் காரியத்தை முடிப்பவர். தமக்கும் ஆதாயம் தேடுபவர். வாணிகத்திற்கு அது பொருந்தலாம். காவல் நிலையத்து மொழிபெயர்ப்பாளரோ, இருவர்க்கும் நடுவே நின்று எவர்க்கும் உரியரல்லராதல் வேண்டும்.

இக்காரணம்பற்றியே உறவினரையும் அயலாரையும் மொழிபெயர்ப்பாளராக்குதல் தகாதென்பர். கணவனால் அடியுண்ட பெண்ணின் மனைக்குக் காவலர் வருகின்றனர், அவள் அந்நாட்டு மொழி அறியாள், கணவன் அறிவான். ‘நடந்தது யாது?’ என்று காவலர் வினவ, அவள் கூறுவதைக் கணவனே பெயர்த்துச் சொல்கின்றான். அவன் என் சொல்வான்? ‘படியில் வழுக்கி விழுந்தாள்’ என்பான். காவலர் அவ்வாறே எழுதிக்கொண்டு செல்வர். கணவன் வேண்டா என்று வீட்டிலுள்ள குழந்தையை அழைத்தாலோ, கொடுமை இரட்டிக்கும். தாயைத் தந்தை அடித்த செய்தியை எட்டு வயதுச் சிறுமி, தந்தை பார்த்துக்கொண்டிருக்க, அயலானுக்கு எடுத்துரைப்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க! அவள் மெய் கூறினால் தந்தையைக் காட்டிக்கொடுத்தவளாவாள். மறைத்தால் தாயைக் கைவிட்டவளாவாள். மேற்சொன்ன 2002-ஆம் ஆண்டு விளக்கமும் குழந்தைகளை இப்பணிக்கு ஏவுதலின் தீமையை எடுத்துக்காட்டிற்று.

மறுப்பும் விடையும்

‘குடியேறியவர் வந்த நாட்டின் மொழியைக் கற்றல் அன்றோ முறை?’ என்று வினவுவார் உளர். கற்றல் முறையே, அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் மொழியைக் கற்க ஆண்டுகள் வேண்டும். திருடன் அதுவரையிற் காத்திரான். வந்த மறுநாளே கொள்ளைக்குள்ளான ஒருவரை, ‘மொழி கற்றபின் வருக’ என்று அனுப்புதல் நீதியாமோ? மேலும், சந்தையிலும் வேலைத்தலத்திலும் தட்டுத்தடுமாறிப் பேசப் போதுமான மொழியறிவு, அச்சமும் இரத்தமும் கலந்த வேளையிற் பயன்படாது. அந்நேரத்தில் நாவில் வருவது தாய்மொழியே.

‘செலவு மிகுமே’ என்பது மற்றொரு மறுப்பு. செலவு உண்டு; ஆயின் சிக்கனம் என்று கருதியதே பெருஞ்செலவாய் முடிதலும் உண்டு. இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டில் நீதிமன்ற மொழிபெயர்ப்பு முழுவதையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தனர். ஊதியக் குறைவினால் தேர்ச்சிபெற்றோர் பலர் ஒதுங்கினர். மொழிபெயர்ப்பாளர் வாராமையால் விசாரணைகள் தள்ளிவைக்கப்பட்டன. பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழுவினர் அவ்வாண்டிலேயே அவ்வேற்பாட்டைக் கடிந்துரைத்தனர். ஒரு மணி நேர மொழிபெயர்ப்புக்குரிய கூலியையும், பிழைபட்ட விசாரணையால் ஒருவன் சிறையிற் கழித்த நான்காண்டையும் ஒரே தராசில் வைத்து நோக்குவார்க்கு, எது செலவு என்பது விளங்காமற்போகாது.

நம் நாட்டு நிலை

இறுதியாக, இவ்வாராய்ச்சி நமக்கு அயலாரைப்பற்றியது மட்டும் அன்று என்பதைச் சுட்டி முடிக்கின்றோம். காவலில் வைக்கப்படுவோர்க்கு அதன் காரணத்தை அறிவித்தல்வேண்டும் என்று நம் அரசியற் சாசனத்தின் 22-ஆம் விதி கூறுகின்றது. ஹரிகிஷன் வழக்கில், ஆங்கிலம் அறியாதார் ஒருவர்க்கு ஆங்கிலத்திற் காரணங்கள் எழுதிக் கொடுக்கப்பட்டன. காவற்றுறை உத்தியோகஸ்தர் ஒருவர் அவற்றை வாய்மொழியாக விளக்கினார். அது போதாது, அவர்க்கு விளங்கும் மொழியில் எழுத்து வடிவிலேயே தருதல் வேண்டும் என்று 1962-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை விடுவித்தது. ஆதலின் இக்கொள்கை நமக்குப் புதியதன்று.

திருப்பூரின் பின்னலாடைச் சாலைகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட் முதலிய மாகாணங்களினின்று வந்தோர் மிகுதியாக உழைக்கின்றனர். இவர்கள் அயல்நாட்டாரல்லர், இந்நாட்டுக் குடிமக்களே. ஆயினும் தமிழறியாதவராய்க் காவல் நிலையத்தின் முன் நிற்கும்போது, அவர் நிலை டொராண்டோவில் நின்ற நம் முதியவர் நிலையே. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இவர்கள் தமிழ்நாட்டிற் கொல்லப்படுகின்றனர் என்று பொய்ப்படங்களும் வதந்திகளும் பரவித் தொழிலாளரிடையே பேரச்சத்தை விளைத்தன. தமிழ்நாட்டுக் காவற்றுறையினர் அச்செய்தி பொய்யென விரைந்து மறுத்து, உதவித் தொலைபேசி எண்களை அறிவித்து, ஹிந்தியிலும் ஆறுதல் கூறினர். அச்சத்தைத் தணித்தது அவர்கட்கு விளங்கிய மொழியிற் சொன்ன சொல்லே. இது பாராட்டத்தக்கது, அச்சம் பிறந்தபின் மட்டுமன்றி என்றும் நடைபெறத்தக்கது. ஆயினும் வடக்கினின்று வந்தோர் அனைவரும் ஹிந்தி அறிவர் என்று கொள்ளுதல் கூடாது. ஒடிய மொழியும் வங்காளியும் சந்தாலியும் மட்டுமே அறிந்தார் அவருள் இருக்கலாம். அவர்களை ஹிந்தியால் விசாரித்து நிறைவெய்துவோமாயின், மிஷ்டெக் இளைஞர்க்கு ஓரிகனில் இழைத்த பிழையை நாமும் இழைத்தவராவோம்.

இக்கலாசாலையிற் பயிலும் மாணவருட் சிலர் நாளை காவற்றுறையில் அமர்வர். சிலர் வக்கீல்களும் நீதிபதிகளும் ஆவர். பலர் பிழைப்பு நாடி மொழியறியாத தேசங்கட்குச் செல்வர். உத்தியோகத்தில் அமர்வோர், தம் முன் வாய்பேசாது நிற்பவரைக் கண்டவிடத்து, அவரைக் கள்வர் என்றேனும் பித்தர் என்றேனும் எண்ணுமுன், அவர்க்கு எம்மொழி விளங்கும் என்பதைக் கேட்டறிவாராக. அயல்நாடு செல்வோர், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்னும் ஒரு வாக்கியத்தையாவது அந்நாட்டு மொழியிற் கற்றுச் செல்வாராக. விளங்காத ஏட்டிற் கையெழுத்திடாதிருப்பாராக. ஈண்டே தங்குவோர், பக்கத்திற் குடியிருக்கும் ஒடிசாத் தொழிலாளியின் மொழியில் நான்கு சொற்களேனும் அறிந்துகொள்வாராக. கண்ணகிக்கு வாயில் திறந்தது. அவள் சொல் அவையேறிற்று. அவ்வாறே நம் ஊர்க் காவல் நிலையத்து வாயிலில் எம்மொழியாளர் வந்து நின்றாலும், அவர் சொல்வது உள்ளே சென்று சேர வழிசெய்வது நம் கடமையாகும்.